கடைசிப் பந்து யார் பாடு

என் வாய்க்கு ஒரு மனுஷனின் பிழைப்பையே கெடுக்கிற அளவுக்குச் சக்தி இருக்கிறது என்று பதினான்கு நாள் முழுசாக நம்பினேன். பயந்துகொண்டுதான் நம்பினேன். ஆனால் அந்தப் பயத்துக்கு அடியில் கொஞ்சம் பெருமையும் இருந்தது என்பதை இந்த வயதில் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். நான் இறால் எடை போடுகிற ஷெட்டில் வேலை பார்த்தவன். என் கை காட்டிய எடையையே அந்த ஊரில் ஒருவரும் நம்பியதில்லை. அப்படியிருக்க, என் வாய் சொன்னதை நம்பி ஒருவர் மெட்ராஸுக்குப் போய் ஒரு ஆளின் வேலையைப் பறித்துவிட்டார் என்றால் சும்மாவா?

எனக்குச் சொந்த ஊர் காட்டூர். நெல் விளைகிற ஊர். எழுபதுகளின் கடைசியில், வீட்டில் நைனாவோடு சண்டை போட்டுக்கொண்டு பழவேற்காடு ஏரிக்கரைக்கு வந்து, ஒரு ஏஜெண்டின் ஷெட்டில் சேர்ந்தேன். கரையில் படகு வந்து சேர்ந்ததும் இறாலைக் கூடையில் கொண்டு வருவார்கள். நான் தராசில் வைத்து எடை சொல்ல வேண்டும். பிறகு கூடையை எடுத்து அவர்கள் கையிலேயே திருப்பித் தர வேண்டும். அவ்வளவுதான் வேலை. எடை போடுகிறவனை எந்த மீன்பிடி ஊரிலும் யாருக்கும் பிடிக்காது. நான் ஒழுங்காகத்தான் போட்டேன். அதனால் ஏஜெண்டுக்கும் என்னைப் பிடிக்கவில்லை.

ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் சொந்தம். மாமன், மச்சான், சகலை, சம்பந்தி என்று ஒரே வலையின் கண்கள் மாதிரிப் பின்னிக் கிடப்பார்கள். எனக்கு ஒரு வாடகை அறை, ஒரு ஸ்டவ், 'தராசு' என்று ஒரு பட்டப்பெயர். சாயங்காலம் ஷெட்டை மூடிவிட்டால் மறுநாள் காலை வரை என்னிடம் பேச ஒருவருக்கும் காரணம் இருக்காது. அதனால் பேச வைப்பதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். சிரிக்க வைப்பது. டீக்கடையில் யாரையாவது மாதிரி நடந்து காட்டுவேன், பேசிக் காட்டுவேன். சிரிக்கிற வரைக்கும் என்னைச் சுற்றி நிற்பார்கள். சிரித்து முடித்ததும் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

இந்த ஊரில் கூடைப்பந்து எப்படி வந்தது என்று கேட்பீர்கள். அரசாங்கம் மீன் காயவைக்க ஒரு சிமெண்ட் களம் கட்டிக் கொடுத்தது. காற்று எந்தப் பக்கமிருந்து வரும் என்று கட்டினவர்கள் யாரையும் கேட்கவில்லை. காய்ந்த மீனில் பாதி மணலாக இருந்தது. பெண்கள் இரண்டே வாரத்தில் பழைய இடத்துக்கே போய்விட்டார்கள். களம் சும்மா கிடந்தது.

அப்போதுதான் எங்கள் கேப்டன் ஊருக்குத் திரும்பி வந்தான். மெட்ராஸில் ஒரு ஹாஸ்டலில் தங்கிப் படித்தவன். அங்கே கூடைப்பந்தில் பெரிய ஆள். அப்பா இறந்ததும் படிப்பை விட்டுவிட்டு, அம்மாவையும் அப்பாவின் வலையையும் பார்த்துக்கொள்ள வந்துவிட்டான். எந்த வீட்டுக்குள் போனாலும் குனிந்துதான் நுழைவான். என் வயதுதான். களத்தின் இரண்டு முனையிலும் பனைமரத் துண்டுகளை நட்டான். உடைந்த படகின் பலகையை அடித்தான். இரும்பு வளையம் பொன்னேரியில் செய்து வந்தது. வளையத்துக்கு வலை கட்டுகிற வேலையை ஊரிலேயே நன்றாகப் பின்னுகிற ஒருவனிடம் கொடுத்தான். அவன் மூன்று நாள் உட்கார்ந்து அழகாகப் பின்னிக் கொண்டுவந்தான். முதல் பந்து உள்ளே போனது. போனது போனதுதான், வெளியே வரவில்லை. அடியை இறுக்கிக் கட்டியிருந்தான். படகுக் கோலை வைத்துக் குத்தித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

"அடியைத் தொறந்து உடணும்பா," என்றான் கேப்டன்.

"உள்ள வந்ததை வெளிய உடறதுக்கு வலை இன்னாத்துக்கு?" என்று பின்னினவன் கோபித்துக்கொண்டான். ஒரு வாரம் பேசவில்லை. பிறகு அவனும் டீமில் சேர்ந்தான்.

மொத்தம் ஏழு பேர். அதில் ஒருவன் பழவேற்காட்டுக்காரன், எங்கள் டீக்கடையை நடத்தியவன். பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். ஏழாவது ஆள் நான். எனக்கு ஆட வராது. ஆனால் ஓடுவேன், எடை போடும்போது கேட்ட திட்டுகளால் தோல் தடித்திருந்தது, இடித்தால் வலிக்காது. கேப்டன் தானாகவே என் அறைக்கு வந்து, நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டு, "தராசு, நாளைலேர்ந்து வா," என்றான். அந்த அறைக்கு வேறு யாரும் அதற்கு முன்னால் வந்ததில்லை. வாடகை கேட்கக்கூட வரமாட்டார்கள், வெளியே நின்று கூப்பிடுவார்கள்.

இப்போது 'பாடு' என்பதைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் மீதி புரியாது. ஏரியில் இறால் நிறைய வருகிற இடங்களுக்குப் பாடு என்று பெயர். அங்கே யார் வேண்டுமானாலும் வலை கட்டிவிட முடியாது. சீட்டுப் போட்டு முறை வைத்திருப்பார்கள். இன்றைக்கு உன் பாடு என்றால் உன் பாடுதான். நீ நன்றாக வலை கட்டுகிறவனா, கையாலாகாதவனா என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். அடுத்தவன் பாட்டில் வலை போடுவது அங்கே பெரிய குற்றம். திருட்டுக்கும் மேலே.

கேப்டன் அதை அப்படியே களத்துக்குக் கொண்டுவந்துவிட்டான். ஆட்டம் இழுபறியாகி, கடைசிப் பந்து ஒன்றுதான் பாக்கி என்றால், அந்தப் பந்தை யார் போடுவது? மற்ற ஊர்களில் யார் நன்றாகப் போடுவானோ அவன் போடுவான். எங்களுக்கு முறை. ஏழு சிப்பியில் ஏழு குறி கீறி ஒரு அலுமினிய டம்ளரில் போட்டு, டோர்னமெண்டுக்கு முந்தின நாள் ஒன்றை எடுப்பான். என் சிப்பியில் ஒரு தராசு. யாருடைய சிப்பி வந்தது என்று வெளியே மூச்சு விடக் கூடாது. ஜெயித்தாலும் சொல்லக் கூடாது, தோற்றாலும் சொல்லக் கூடாது. எடுத்த சிப்பியை அந்த வருஷத்தோடு ஒதுக்கி வைத்துவிடுவான். அதாவது, பந்தைப் போட்டு முடித்தவனுடையதை மட்டும்.

"என்னியும் ஏம்பா இதுல சேத்த?" என்று ஒருநாள் கேட்டேன்.

"உனக்கு ஏரில பாடு இல்லை. இங்கியாவது இருக்கட்டும்," என்றான். அவன் பொதுவாகவே அதிகம் பேசமாட்டான். சில ராத்திரி என் அறைக்கு வந்து உட்கார்ந்திருப்பான், அப்போதும் பேச வேண்டிய அவசியம் வராது.

முதல் வருஷம் மெட்ராஸ் டோர்னமெண்டில் லீக் ஆட்டங்கள் எல்லாவற்றிலும் ஜெயித்தோம். பாயிண்டில் பாதி கேப்டன் கையால் வந்தது. எதிர் டீம்காரர்களே கை தட்டினார்கள். பிறகு நாக்-அவுட்டில் ஒரு பாயிண்ட் வித்தியாசம். கடைசிப் பந்து வலை பின்னினவனுடைய பாடு. பந்து வளையத்தைத் தொடக்கூட இல்லை. இரண்டாவது வருஷமும் அதே கதை. பாய் போட்டது வளையத்தில் சுற்றிவிட்டு வெளியே விழுந்தது. ஊரில் முறை இருப்பது தெரியும், யார் முறை என்பதுதான் தெரியாது. பிடித்துக்கொண்டது வாதம். கோடைக்காலம் முழுக்க, முகத்துவாரம் மண்மூடி வேலை இல்லாத நாளெல்லாம், பாய் கடையில் அதே பேச்சுதான்.

"லீக்ல புலி. நாக்-அவுட்னு சொன்னா பூனை," என்பார் எங்களை ஐஸ் வண்டியில் ஏற்றிப் போகிற டிரைவர். "கேப்டன்னா இன்னா? கஷ்டத்துல பந்தைத் தன் கைல வாங்கிக்கிறவன்."

"அவன் பேரு கேப்டன் இல்லை, திருடன்," என்பார் படகுக்காரர் ஒருவர். அவர் இரண்டு படகு வைத்திருந்தார், அதனால் இரண்டு ஆள் குரலில் பேசுவார். "அடுத்தவன் பாட்டுல வலை போட்றவன்."

"ஏரி வேற, ஆட்டம் வேற நைனா. இன்னிக்கி எறா வர்லைன்னா நாளைக்கி வரும். கப்பு நாளைக்கி வருமா?"

"வந்து இன்னா பண்ணப் போற? அதுல டீ குடிக்கப் போறியா?"

"நல்லா போட்றவனை நிக்க வச்சிட்டு ஒண்ணியும் தெரியாதவனுக்குக் குடுக்கறது இன்னா நாயம்?"

"உன் தம்பிக்கு வலை கட்டத் தெரியுமா? தெரியாது. போன மாசம் அவன் பாட்டுல நான் கை வச்சனா?"

டிரைவர் அங்கே கொஞ்சம் நிறுத்துவார், ஏனென்றால் தம்பிக்கு உண்மையிலேயே தெரியாது. அப்புறம் மறுபடி ஆரம்பிப்பார்: "அவனுக்குப் பயம்பா. பயத்துக்குப் பாடுனு ஒரு சட்டை போட்டுக்கினு கீறான்."

இப்படிச் சண்டை போட்டு ஒருவர் தம்பியை ஒருவர் இழுத்த பிறகு எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். நான் இரண்டு பேரையும் மாதிரிப் பேசிக் காட்டுவேன். சிரிப்பு. பாய் மட்டும் டீ ஆற்றிக்கொண்டே இருப்பான்.

மூன்றாவது வருஷம் டம்ளரிலிருந்து தராசு வந்தது.

அன்றிலிருந்து நான் சாப்பிட்டதாக ஞாபகமில்லை. எங்களுக்கு லீக்கில் இரண்டாவது இடம். அரையிறுதியில் நல்ல வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டோம். அந்த வரைக்கும் என் பாடு தேவைப்படவில்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் தெரிந்த சாமி எல்லாவற்றையும் வேண்டிக்கொண்டேன், ஒன்று பெரிய வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும், இல்லை பெரிய வித்தியாசத்தில் தோற்க வேண்டும் என்று. எந்தச் சாமிக்கும் இப்படி ஒரு வேண்டுதல் பழக்கமில்லை போலிருக்கிறது. இறுதி ஆட்டத்தில் ஒரு பாயிண்ட் பின்னால் இருந்தோம். கடிகாரத்தில் பாக்கி இருந்ததை நொடியில்தான் எண்ண வேண்டும்.

கேப்டன் பந்தோடு உள்ளே வந்தான். அவனைத் தடுக்க மூன்று பேர் ஓடினார்கள். அவனைத் தெரிந்த எவனும் அவன் பந்தை விடுவான் என்று நினைக்கமாட்டான். அந்த மூன்று பேருக்கும் இடையில் எங்கேயோ ஒரு சந்து கண்டுபிடித்து எனக்கு எறிந்தான்.

நான் கூடைக்கு நேர் கீழே நின்றேன். என்னைச் சுற்றி ஒருவரும் இல்லை. காட்டூர் வயலில் அறுப்பு முடிந்த பிறகுகூட நான் அவ்வளவு தனியாக நின்றதில்லை. பந்து கைக்கு வந்தது. கைக்குக் கச்சிதமாக வந்தது, நெஞ்சு உயரத்தில், குழந்தைக்கு ஊட்டுகிற மாதிரி. மேலே பார்த்தேன். வளையம் இருந்தது. அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? ஷெட்டைப் பூட்டினேனா இல்லையா என்று தோன்றியது.

கை அதுபாட்டுக்கு வேலை செய்தது. ஒன்றைக் கொடுத்தால் வாங்கி, ஒரு நொடி வைத்துப் பார்த்து, கொடுத்தவனிடமே திருப்பித் தருவதுதான் என் தொழில். தினமும் நூறு கூடைக்கு அதைத்தான் செய்கிறேன். பந்தைக் கேப்டனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அவன் பிடித்தான். விசில் அடித்தது.

இரண்டு கையிலும் பந்தைப் பிடித்தபடி நின்றான். கோபமில்லை. ஆச்சரியம்கூட இல்லை. வந்து என் பிடரியில் கையை வைத்து, "வண்டிக்கு நேரமாச்சு, வா," என்றான். ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து ஊர் வந்து சேரும் வரை கையை அங்கேயே வைத்திருந்தான். பாயும் வலை பின்னினவனும் எதிரில் உட்கார்ந்து வண்டியின் தரையைப் பார்த்தார்கள்.

டிரைவர் வண்டியில் உட்கார்ந்தபடி தூரத்திலிருந்து ஆட்டத்தின் கடைசியைப் பார்த்திருக்கிறார். விசில் அடித்தபோது அவர் கண்ணில் பட்டது ஒன்றுதான்: பந்து கேப்டன் கையில் இருந்தது. போதாதா? மறுநாள் கடையில் பேச்சை ஆரம்பித்துவிட்டார். "கடைசில பாட்டையும் மீறிட்டான்பா. தானே வச்சிக்கினான். வச்சிக்கினாவது போட்டானா? மரம் மாதிரி நின்னுட்டான்."

படகுக்காரரால் அதைத் தாங்க முடியவில்லை. இரண்டு வருஷமாக அவனுக்காக வாதாடினவர். "தராசு, நீ ஆட்டத்துல இருந்தவன். இன்னா ஆச்சு, சொல்லு," என்று என்னிடம் திரும்பினார்.

எல்லோரும் திரும்பினார்கள். சொல்ல வேண்டியது ஒரே வரி. என் பாடு, எனக்குத்தான் கொடுத்தான், நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஒரு மூச்சில் முடித்திருக்கலாம். யார் பாடு என்று வெளியே சொல்லக் கூடாது என்பது விதி, அதனால்தான் சொல்லவில்லை என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்ல விதி. பயந்தவனுக்கு அளவெடுத்துத் தைத்த விதி.

எழுந்து நின்று இரண்டு கையையும் நீட்டினேன். கண்ணை அகட்டினேன். கொதிக்கிற குழம்புச் சட்டியைத் துணியில்லாமல் இறக்கிவிட்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கிறவன் மாதிரி நின்றேன்.

கடை அதிர்ந்தது. டிரைவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். படகுக்காரரும் சிரித்துவிட்டார், பாவம். நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. நின்றுதான் காட்டினேன்.

அதற்கப்புறம் தினமும் கேட்டார்கள். "தராசு, அந்தச் சட்டி எறக்கறதைக் காட்டு." ஊருக்கு வந்த பிறகு அந்த ஒரு மாதம்தான் எனக்குத் துணை இல்லாத சாயங்காலம் என்று ஒன்று இல்லாமல் இருந்தது. ஒருநாள் அப்படி நின்றுகொண்டிருந்தபோது சிரிப்பு சட்டென்று நின்றது. திரும்பினேன். கேப்டன் வாசலில் குனிந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

"கை அவ்ளோ மேல இல்லை," என்றான். "இன்னும் கொஞ்சம் கீழ."

நான் கையைக் கொஞ்சம் இறக்கினேன். அவன் தலையை ஆட்டிவிட்டு ஒரு டீ குடித்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு என் அறைக்கு அவன் வரும் நேரமாகப் பார்த்து நான் கடைத்தெருவுக்குப் போய்விடுவேன். தலை நிலைப்படியில் இடிக்கிற சத்தம் கேட்காத அந்த அறையில் தூக்கம் வரவில்லை, அது வேறு விஷயம்.

இப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் மத்தியான பஸ்ஸில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வந்து இறங்கினார். பாயிடம் ஏதோ கேட்டார். பெஞ்சில் உட்கார்ந்து டீ சொன்னார். கேப்டனைப் பற்றிய வாதம் வழக்கம்போல் நடந்துகொண்டிருந்தது. டிரைவர் வந்தவரையும் இழுத்துவிட்டார்.

"நீங்க சொல்லுங்க சார். லீக்ல அள்ளிக் கொட்றான். பெரிய ஆட்டத்துல கடைசிப் பந்தைப் போட மாட்றான். அவன் ஒரு கேப்டனா?"

"ஏன் போடறதில்ல?" என்றார் அவர்.

"தராசு, சாருக்குக் காட்டு."

புது ஆள். புதுச் சிரிப்பு. எனக்கு வேறென்ன வேண்டும்? அன்றைக்கு நின்ற மாதிரி நான் என்றுமே நின்றதில்லை. சட்டிச் சூட்டுக்கு உதட்டைக் குவித்து ஊதக்கூட ஊதினேன். கடை உருண்டது. வெள்ளைச் சட்டைக்காரர் மட்டும் டம்ளரை வாயிலிருந்து எடுக்காமல் என்னையே பார்த்தார்.

"நீங்களும் டீமா?"

"ஆமா சார்."

"அப்ப நீங்க எங்க நின்னீங்க?"

"கூடைக்குக் கீழதான் சார்."

"ம்," என்றார். டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனார்.

கூட்டம் கலைந்தது. நான் காசை நீட்டினேன். பாய் வாங்கவில்லை.

"வேணாம்பா. நல்லா சிரிக்க வச்ச," என்றான். துணியால் பெஞ்சைத் துடைத்துக்கொண்டே, "அவரு மெட்ராஸ்ல கம்பெனி டீமுக்கு ஆள் எடுக்கிறவரு. கேப்டன் வூட்டுக்கு வழி கேட்டாரு. வேலையோட எடுப்பாங்களாம்," என்றான்.

"முன்னாடியே சொல்லக் கூடாதா பாய்?"

"நீ கையை நீட்டிட்ட. நிறுத்துனு சொல்ல எனக்கு வாய் வர்ல. யாரு பாடுனு சொல்லக் கூடாதுன்ற விதி எனக்கும்தான."

கம்பெனி வேலை. மாதச் சம்பளம். அம்மாவுக்கு ஒரு வீடு. அப்பாவின் கிழிந்த வலையை ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தவனுக்கு வந்தது, அதை நான் குழம்புச் சட்டியில் போட்டுக் கவிழ்த்துவிட்டேன். வெள்ளைச் சட்டைக்காரரைத் தேடி ஓடினேன். அவர் கேப்டன் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் பிடித்து உண்மையைச் சொல்லிவிடுவதாகத் திட்டம். கேப்டன் வீட்டுத் தெரு முனை வரைக்கும் போனேன். அங்கே காலுக்கு வேறு திட்டம். ஒரு வேலிக்குப் பின்னால் நின்றேன். அவர் என்னைத் தாண்டிப் போய் பஸ் ஏறினார். பஸ் கிளம்பியதும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. யாருடைய சைக்கிளையோ எடுத்துக்கொண்டு துரத்தினேன். முதல் வளைவிலேயே சங்கிலி கழன்றது.

அன்று சாயங்காலம் நாலு பக்கம் கடிதம் எழுதினேன். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன், நான் செய்யாத பாவங்களையும் சேர்த்து. தபாலாபீஸில் இருந்தவர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 'கூடைப்பந்து ஐயா அவர்கள், மெட்ராஸ்' என்று எழுதியிருந்தேன். "மெட்ராஸ்ல எங்க?" என்றார். "வெள்ளைச் சட்டை போட்டிருப்பார்," என்றேன். உறையை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். அவரும் என் தொழில்தான் போலிருக்கிறது.

இரண்டாவது நாள் ஷெட் வாசலில் கேப்டனின் குரல் கேட்டது. "தராசு கீறானா?" நான் ஐஸ் அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டேன். அவன் பொறுமையாகக் காத்திருந்தான். நல்ல பொறுமைசாலி. வெளியே வந்தபோது என் உதடு நீலமாக இருந்ததாகக் கூடைக்காரப் பெண் ஒருத்தி சொன்னாள்.

அன்றைக்கே ஏஜெண்டிடம் கெஞ்சி, சுண்ணாம்புக்குளத்தில் அவருக்கு இருந்த இன்னொரு ஷெட்டுக்கு மாற்றிக்கொண்டு போனேன். ஐந்தாவது நாள் ஐஸ் வண்டி அங்கே வந்தது. டிரைவர் இறங்கும்போதே சொன்னார்: "கேப்டன் உன் ரூமாண்ட நின்னுக்கினு இருந்தான். கைல இன்னாவோ சாக்குல சுத்தி வச்சிருந்தான். நீ இங்க கீறனு நான் சொல்லிட்டேன்."

"சாக்குல இன்னா?"

"தெரில. கனமா இருந்துச்சு."

எனக்குத் தெரிந்த கனமான பொருள் ஒன்றுதான். எடைக்கல். ஐந்து கிலோவா பத்து கிலோவா என்பதுதான் சந்தேகம். அடுத்த பஸ்ஸில் காட்டூர் போனேன்.

வீட்டில் அறுப்பு நடந்துகொண்டிருந்தது. இரண்டு வருஷம் எட்டிப் பார்க்காத மகன் வந்து, சொல்லாமலே அரிவாளை எடுத்ததும் நைனா பயந்துவிட்டார். தெருவில் சைக்கிள் மணி கேட்டால் நான் வைக்கோல் போருக்குப் பின்னால் போய் உட்காருவேன். இரண்டு நாள் பார்த்தார்.

"எவளையாவது இழுத்துக்கினு வந்திட்டியா?"

"இல்லை நைனா."

"அப்ப எதுக்குடா ஒளியற?"

"யார் கேட்டாலும் நான் இங்க இல்லைனு சொல்லு."

பதினொன்றாம் நாள் மத்தியானம் நைனா வைக்கோல் போருக்குப் பின்னால் வந்து சாக்கில் சுற்றின ஒன்றை என் முன்னால் வைத்தார். "நெட்டையா ஒருத்தன் வந்தான். நவராம நின்னான். நீ இல்லைனு சொல்லச் சொன்ன, சொல்லிட்டேன். தண்ணி குடிச்சிட்டு இதைக் குடுத்துட்டுப் போனான்."

ஒருநாள் முழுக்க அதைப் பிரிக்கவில்லை. பிரித்தபோது பந்து. எங்கள் பந்து, உப்புக் காற்றில் தோல் வெளுத்தது. கூடவே கந்தைத் துணியில் முடிந்த ஒரு சிப்பி. என்னுடையது. எனக்கு அப்போதும் புரியவில்லை. நான் அவனுக்குத் திருப்பிக் கொடுத்த மாதிரியே இப்போது அவன் எனக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டான், முகத்தில் அடித்துச் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். இரண்டு நாள் அதையே நினைத்து அழுதேன். பதினான்காம் நாள் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பினேன். அடி வாங்கினாலும் சரி என்ற முடிவோடு.

அவன் வீடு பூட்டியிருந்தது. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தான்.

அதற்கப்புறம் அந்த ஊரில் நான் ஆறேழு வருஷம் எடை போட்டேன். அவனுடைய பாடு ஒரு சித்தப்பா மகனுக்குப் போனது. கேப்டன் இல்லாமல் டீம் இல்லை. கடையில் சட்டியை இறக்கிக் காட்டச் சொன்னார்கள். கை வலிக்கிறது என்றேன். கொஞ்ச நாள் கேட்டுவிட்டு விட்டுவிட்டார்கள். அப்புறம் என்னிடம் பேச யாருக்கும் காரணம் இருக்கவில்லை. விடுமுறை நாளில் நான் மட்டும் களத்துக்குப் பந்தோடு போவேன். போட மாட்டேன், தட்டிக்கொண்டு சும்மா நடப்பேன். எண்பதுகளில் அடித்த ஒரு புயலில் பனைமரத் துண்டுகள் இரண்டும் போயின. களம் மட்டும் மணலுக்குள் எங்கேயோ இருக்கிறது. மெட்ராஸில் ஒரு கம்பெனி டீமில் அவன் ஆடுகிறான் என்று டிரைவர் வந்து சொல்வார். அங்கேயும் கடைசிப் பந்தை அடுத்தவனுக்குக் கொடுக்கிறானாம், அங்கேயும் அதே சண்டை நடக்கிறதாம். நான் போய்ப் பார்க்கவில்லை. பஸ் மூன்று மணி நேரம்தான்.

அன்றைக்கு, பூட்டின வீட்டைப் பார்த்துவிட்டு வந்த அன்று, பாய் எனக்கு ஒரு டீ கொடுத்து நடந்ததைச் சொன்னான். அதை அவன் சொன்னபடியே எழுதிவிடுகிறேன். வெள்ளைச் சட்டைக்காரர் இறுதி ஆட்டத்தை முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்தவர். பந்து யாரிடம் போனது, யார் திருப்பிக் கொடுத்தது என்று அவருக்குத் தெரியும். மூன்று பேருக்கு நடுவில் கொடுத்த அந்தப் பந்துக்காகத்தான் கேப்டனை எடுத்தார். டீக்கடைக்கு வந்தபோது வேலை உத்தரவு அவர் பையில் இருந்தது. நான் ஆடிக் காட்டியதால் எதுவும் கெடவில்லை, எதுவும் நடக்கவும் இல்லை. கேப்டன் ஷெட்டுக்கு வந்தது வேலை கிடைத்ததைச் சொல்ல. அறைக்கு வந்தது பந்தை என்னிடம் கொடுத்துவிட்டுப் போக. காட்டூருக்கு வந்தது, நான் இன்னும் பந்தைப் போடவில்லை, அதனால் என் பாடு இன்னும் முடியவில்லை என்று சொல்ல. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போய்விட்டான். அவன் காட்டூரில் என் வீட்டு வாசலில் நின்று தண்ணீர் குடித்தபோது, நான் இருபது அடி தள்ளி வைக்கோல் போருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.